ராத்திரி நாடகம், காலையில் பள்ளிக்கூடம்

(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இசை நாடகப் பிரியர். வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: விடிய விடிய நாடகம் பார்த்துவிட்டுக் காலையில் எப்படிப் பாடம் நடத்தினீர்கள்? (மேலூர் வாசகர்)

கோயில் திருவிழா நாடகங்கள்தானே. சித்திரையில் கவலையில்லை, பரீட்சை முடிந்திருக்கும். மாசி, பங்குனிதான் சிக்கல். வள்ளி திருமணம் நாடகம் தொடங்கவே பத்து மணிக்கு மேலாகும். பபூன், டான்ஸ் எல்லாம் முடிந்து வள்ளி தினைப்புனத்துக்கு வர நடுச்சாமம். கல்யாணம் விடியலில்தான். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, குளித்துவிட்டு, முதல் பீரியடில் இலக்கணம் எடுப்பேன். என்னைவிடப் பையன்கள்தான் அதிகம் தூங்கி விழுந்தார்கள். அவர்களும் அதே பந்தலில்தானே உட்கார்ந்திருந்தார்கள்!

கேள்வி: ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாதாமே? (திருமங்கலம் வாசகி)

கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். நோட்டீஸில் போட்டோக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆட்கள் சந்திப்பது அன்று சாயங்காலம் மேக்கப் போடும்போதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது.

ஆனால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வந்தால் மனப்பாடம் மட்டும் போதாது. ஒருநாள் நாரதர் எதிர்பாராத கேள்வி ஒன்றைப் போட்டார். வள்ளி முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி ஹார்மோனியக்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவர் ஒரு பாட்டின் எடுப்பை மெல்ல வாசித்தார். பதில் அந்தப் பாட்டில் இருந்தது, வள்ளி பிடித்துக்கொண்டார். கீழே முக்கால்வாசிப் பேர் கவனிக்கவே இல்லை. நான் நாடகத்துக்குப் போவதே இதற்காகத்தான். வகுப்பில் பையன் மடக்கினால் “நல்ல கேள்வி” என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைப்பேன். வள்ளியின் முந்தானைதான் அது.

கேள்வி: ஓப்ராவும் நம் இசை நாடகமும் ஒன்றா? (மதுரை வாசகர்)

இல்லை. மகளைப் பார்க்க வியன்னா போனபோது, ஸ்டேட் ஓப்ராவில் நின்றுகொண்டே பார்க்கும் மலிவு டிக்கெட்டில் வெர்டியின் லா டிராவியாட்டா பார்த்தேன். பஸ்ஸில் நாம் துண்டு போடுவதுபோல அங்கே கம்பியில் ஸ்கார்ஃப் கட்டி இடம் பிடிக்கிறார்கள். இசையெல்லாம் 1853இலேயே எழுதி முடித்தது. நம் ஆட்கள்போல நினைத்த இடத்தில் ஒரு விருத்தத்தைச் செருக முடியாது. ஆனால் அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, மைக் இல்லாமல் குரல் கடைசி வரிசைக்கு வருகிறது. நாடக நடிகர் கிட்டப்பா (1906–1933) அப்படிப் பாடினார் என்று பெரியவர்கள் சொன்னதை அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன். கடைசியில் காசநோயில் சாகிற கதாநாயகி இவ்வளவு பாடுவாளா என்று மாப்பிள்ளை சிரித்தார். வெட்டுக்கத்திக்கு முன்னால் நின்று நம்மூர்க் கோவலன் பாடுவதை அவர் பார்த்ததில்லை, பாவம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. மேடையேற ஆசை. வேலையை விட்டுவிடட்டுமா? (தேனி வாசகி)

வேண்டாம்மா. பரிதிமாற் கலைஞர் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டேதான் நாடகங்களும், நாடக இலக்கண நூலான நாடகவியலும் எழுதினார். சம்பளம் வந்துகொண்டிருந்தால், பிடித்த வேஷத்துக்கு மட்டும் சரி சொல்லலாம். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம், விடைத்தாள் திருத்தும் வாரத்தில் நாடகம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.