அந்தப் பழைய அளவு ஜாக்கெட்

கேள்வி: அன்புள்ள சிஸ்டரம்மாவுக்கு, எனக்கு வயது 41. நூற்பாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் 62 கிலோ இருந்தேன், இப்போது 88. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். போன வருடம் போய்விட்டார். அதிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மிக்சர் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டது. பசியே இருக்காது, ஆனாலும் சாப்பிடுவேன். நடுவில் சோற்றை அடியோடு விட்டு, ஓட்ஸும் மோருமாக இரண்டு மாதம் இருந்து 9 கிலோ குறைத்தேன். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நிறுத்தியதும் 11 கிலோ ஏறிவிட்டது. நடக்கப் போனால் நாலாம் நாளே முழங்கால் வலி. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது ஒருவர், "எத்தனை மாசம்?" என்று கேட்டார். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அப்புறம் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. தையில் அண்ணன் மகள் கல்யாணம். அண்ணி பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துவிட்டார். இளைத்த பிறகு பழைய அளவு ஜாக்கெட்டையே கொடுத்துத் தைக்கலாம் என்று வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் மகள், "நானும் கூட நடக்க வரேம்மா" என்கிறாள். அவள் தோழிகள் பார்த்தால் அவளுக்கு அவமானம் என்று வேண்டாம் என்றேன். எத்தனை தடவைதான் முதலிலிருந்து ஆரம்பிப்பது? தைரியம் சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவைப் பற்றி. 34 வருடம் செவிலியராக இருந்தவள் நான். பக்கவாதம் வந்து படுத்தவரை ஒன்றரை வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டி, மிஞ்சியதை நின்றபடியே நாம் குடித்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓட வேண்டும். ஒரு ராத்திரிகூட முழுத் தூக்கம் இருக்காது. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறையும். நீ சாப்பாட்டுக்கு அலைந்தவள் இல்லை, உன் உடம்பு தூக்கத்துக்கு அலைந்திருக்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம், கணக்குப் பிரிவில் இருப்பவள் நீ. மூன்று வருடத்தில் 26 கிலோ. நாள் கணக்கில் வகுத்தால் சராசரியாக 24 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்தில் பாதி எடை. ஒரு நாளும் உன் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. அம்மாவின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரியாமல் போனதில் என்ன குற்றம்?

அந்தப் பதினொரு மணி. கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான். அம்மாவை ராத்திரி புரட்டிப் படுக்கவைத்தது அந்த நேரத்தில்தானா? இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருடம் அந்த நேரத்துக்கு உன் கைகளுக்கு வேலை இருந்தது. இப்போது கட்டில் காலி, கைகளும் காலி. மிக்சர் பொட்டலத்தை ஒளித்துவைப்பதால் இது தீராது. அண்ணனுக்கும் அவர்தானே அம்மா. ராத்திரி ஒன்பதரைக்கு அவரைக் கூப்பிட்டு அம்மாவைப் பற்றிப் பேசு. அழுகை வந்தால் அழு. மாதங்கள் போயும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

எடை திரும்பி வந்ததே, அதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் வெகுவேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. ஒருவரைத் தவிர எல்லோருக்கும் எடை திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பட்டினி போட்டால் உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துச் சிக்கனம் பிடிக்கும், பசியைக் கூட்டும், தசையையும் கரைக்கும். உன் முடி கொட்டியது அந்தப் பஞ்சத்தின் அடையாளம். நீ தோற்றதாக நினைக்கிறாய். முறைதான் தவறு. ஆகவே இப்போது நீ பழையதையே மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை, அந்த ஓட்ஸும் மோரும் வேண்டாம்.

வார்டில் எத்தனையோ பெண்களிடம், "வாயைக் கட்டுங்கம்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். 2009இல் என் கணவர் தவறிய பிறகு எனக்குப் புரிந்தது. வீட்டில் ராத்திரி இருக்க முடியாமல் தொடர்ந்து நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு டீயும் பன்னும். ஒன்றரை வருடத்தில் 17 கிலோ. அறிவுரை சொல்லாதவர் கிடையாது. எனக்கு உதவியவர் எங்கள் வார்டு ஆயா. "சிஸ்டர், மாடிக்கு மருந்து வாங்கப் போறேன், தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, கூட வாங்க" என்பார். இருபது வருடமாக அந்த மாடிக்குத் தனியாக ஏறி இறங்கியவர் அவர். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு மாடி இரண்டு மாடியானது, பிறகு வளாகத்தைச் சுற்றி ஒரு நடை. 11 கிலோ குறைய இரண்டு வருடம் ஆனது. மீதி 6 இன்னும் என்னிடமே இருக்கிறது. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் மகள் சொன்னதும் ஆயா சொன்னதும் ஒரே வார்த்தை. அவளுக்கு அவமானம் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய், அவள் அப்படிச் சொல்லவில்லையே. இன்று சாயங்காலமே, "வர்றியாடி?" என்று கேள். தெருவில் வேண்டாம் என்றால் மொட்டை மாடி இருக்கிறது. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிந்தைய சின்ன நடைகூடச் சர்க்கரை ஏறுவதைக் கட்டுப்படுத்தும். வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அங்கே மெல்லப் போய்ச் சேரலாம், முதல் நாளே தொட வேண்டியதில்லை. நாலாம் நாள் முழங்கால் வலித்ததற்குக் காரணம், எடுத்த எடுப்பில் அதிகம் நடந்ததாக இருக்கலாம். ஆபீஸில் மணிக்கொரு முறை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார். தொடைத்தசை வலுத்தால் முழங்கால் தாங்கும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் பார்த்திருக்கிறார்கள்: ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. ஒரு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

சோற்றை விடாதே. தட்டில் முதலில் காயும் பருப்பும் விழட்டும், பிறகு சோறு, ஒரே கரண்டி அளவில். முட்டை, சுண்டல், மீன் எது கட்டுப்படியாகிறதோ அது தினமும் இருக்கட்டும். மில்லில் ஐந்து டீ குடிக்கிறாயா? ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். டீயில் போடும் சர்க்கரையைப் பாதியாக்கு, முதல் மாதத்துக்கு அது போதும். தெரிந்தவர் யாராவது இளைக்கும் பவுடர் என்று கொண்டுவந்தால் வாங்காதே. இப்போது வந்திருக்கும் ஊசிகள் உண்மையான மருந்துகள்தான், ஆனால் அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பரிசோதனைக்குக் கண்டிப்பாகப் போ. ஒரு சீட்டில் எழுதிக்கொள்: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி., ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கொழுப்பு. மாதவிடாய் தள்ளிப்போகிறதா, குறட்டை விட்டுத் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறதா, அதையும் சொல். ஸ்டீராய்டு போன்ற சில மாத்திரைகள் எடையை ஏற்றும். எதையாவது சாப்பிட்டு வந்தால் காட்டிக் கேள், நீயாக நிறுத்தாதே.

62 என்ற எண்ணை இப்போதைக்கு மறந்துவிடு. 88இல் ஐந்து சதவீதம் 4.4 கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தணிய ஆரம்பிக்கும். எடை மெஷின் தினமும் வேண்டாம். உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும் அது ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டி உன் மனதை உடைக்கும். மாதம் ஒரு முறை இஞ்ச் டேப்பால் இடுப்பை அளந்து எழுதிவை. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை என்பார்கள். நீ பார்க்க வேண்டியது போன மாதத்து எண்ணை மட்டும்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டவரை நினைத்தால் எனக்கே ஆறவில்லை. கல்யாணத்திலும் யாராவது ஏதாவது கேட்பார்கள். "அம்மாவப் பாத்துக்கிட்டதுல என்னையப் பாத்துக்கல. இப்போ பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசாதே. அண்ணன் மகள் மேடையில் இருந்து பாட்டியைத் தேடுவாள், அந்த இடத்தில் நீதான் இருக்க வேண்டும்.

அந்தப் பழைய அளவு ஜாக்கெட்டைப் பீரோவின் அடியில் வை. பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு மகளோடு டெய்லரிடம் போ, இன்றைய உடம்புக்குப் புதிதாக அளவெடுக்கச் சொல். கை இறுக்கமில்லாமல், மூச்சு விட வசதியாக. உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொன்னால் பிறகு எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பிடிக்கலாம். கார்த்திகை முடிவதற்குள் கொடுத்துவிடு. பொங்கல் துணியும் தை முகூர்த்தத் துணியும் ஒன்றாக வந்து குவிந்தால் அப்புறம் எந்த டெய்லரும் தேதி சொல்ல மாட்டார்.