நாலு கோழி வளர்க்க யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: சொந்த வீடு, பின்பக்கம் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. நாலு கோழியும் ஓர் ஆட்டுக்குட்டியும் வளர்க்க ஆசை. “குடியிருப்புப் பகுதியில் அதெல்லாம் கூடாது” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என் இடத்தில் வளர்க்க நான் யாரைக் கேட்க வேண்டும்?

பதில்: கேட்கத்தான் வேண்டும் அம்மா. விதி ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரிலும் தெருவுக்குத் தெரு மாறலாம். உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை கோழி வரை வளர்க்கலாம், சேவல் வைக்கலாமா, கூடு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். அந்தத் தூரத்தை எங்கிருந்து அளக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். நான் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து அளந்து கூடு கட்டினேன். விதியோ மனை எல்லையிலிருந்து அளக்கச் சொன்னது. அடித்த ஆணியை எல்லாம் பிடுங்கி, கூட்டை நகர்த்த இரண்டு நாள் ஆயிற்று.

சேவல் வேண்டாம். பெட்டைக்கோழி சேவல் இல்லாமலே முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சம் வரும் முன்பே கூவிவிடும். குஞ்சாக வாங்கினால் எது சேவல் என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் முட்டைக்கு வரப்போகும் விடைக்கோழியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆடு மந்தையில் வாழும் பிராணி. ஒற்றையாகக் கட்டினால் துணை தேடிக் கத்திக்கொண்டே இருக்கும், பார்க்கவே பாவமாக இருக்கும். இரண்டு வளர்க்க இடமும் அனுமதியும் இருந்தால் அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்தது வாடை. கூட்டுத் தரை நனைந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், மூக்கை எரிக்கும். மரத்தூளோ காய்ந்த சருகோ கனமாகப் பரப்புங்கள். அதில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாகப் பிடித்தால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி. தீவனத்தை மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் எலி வரும்.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கூடு வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் எந்த ஜன்னலோரம் படுக்கிறார் என்பது அவருக்குத்தானே தெரியும்.