ஜனநாயகம்னா என்ன? ஓட்டு போடுறது மட்டும்தானா?

சிம்பிளா சொன்னா, நம்மள ஆளுறவங்கள நாமளே தேர்ந்தெடுக்கிறதும், பிடிக்கலைன்னா சண்டை சச்சரவு இல்லாம மாத்திக்கிறதும்தான் ஜனநாயகம். ரெண்டாவதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடுன்னா, எங்க தர்மபுரி பக்கம் ஏரித் தண்ணிய வச்சு யோசிங்க. மதகு சாவி ஒரே ஆள்கிட்ட, அவரைக் கேக்க யாருமில்லைன்னா அவர் வயல் ரொம்பி வழியும், கடைமடைக்காரன் நெலம் வெடிச்சுக் கெடக்கும். ஆளு நல்லவரா இருந்தாலும் சாவிய திருப்பி வாங்க வழி வேணும்ல, அதுக்குத்தான் அஞ்சு வருஷத்துக்கு ஒரு எலெக்‌ஷன், கேள்வி கேக்க பத்திரிகை, எதிர்க்கட்சி, தட்டிக் கேக்க கோர்ட்டு எல்லாம். பணக்காரரோ கூலிக்காரரோ ஆளுக்கு ஒரே ஓட்டு, 1989 வரைக்கும் அதுக்கு 21 வயசு ஆகணும், இப்ப 18 போதும்.

இதை நேர்ல பாக்கணும்னா ஆகஸ்ட் 15 இல்ல அக்டோபர் 2 கிராம சபைக்கு போங்க, வரவு செலவு கணக்க வாசிப்பாங்க, நீங்களே எழுந்து கேள்வி கேக்கலாம் (டீ, பிஸ்கட்டோட கெளம்பிடாதீங்க).

மெஜாரிட்டி இருந்தா என்ன வேணா பண்ணலாம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, அடிப்படை உரிமைய பறிக்கிற சட்டம் செல்லாதுன்னு அரசியலமைப்பு 13வது பிரிவே சொல்லுது.