மழைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: ஊராட்சிக் கேள்வி பதில்

(ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர், கிராமத்து வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் ஊராட்சியில் இப்போது தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. நவம்பர் 1 கிராம சபைக்குப் போய் என்ன ஆகப்போகிறது? (வாசகி, சிவகங்கை மாவட்டம்)

கட்டாயம் போங்கள் அம்மா. தலைவர் இல்லாத காலத்தில்தான் கூடுதலாகப் போக வேண்டும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. உங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. அதன்பிறகு பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பென்றால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினரிடம் "விளக்கு எரியலை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது உங்கள் தெருவின் நிலவரம் அதிகாரியின் காதுக்குப் போக, கிராம சபையைவிட நல்ல இடம் கிடையாது.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர்தான். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனாலும் இந்த உரிமை உங்களிடமே இருக்கும். வருடத்துக்கு நான்கு முறை நடந்த கூட்டத்தை 2022-இல் ஆறாக்கினார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதி சில சமயம் மாறும். 2024-இல் தீபாவளியை ஒட்டி வந்ததால் நவம்பர் 1 கூட்டம் 23-ஆம் தேதிக்குப் போனது. அதனால் ஊராட்சி அலுவலகப் பலகையில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

அப்புறம் முக்கியமான விஷயம். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "வடிகாலைச் சரிசெய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அப்படி எழுதியதைக் கடந்துபோவது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

தீர்மானப் புத்தகத்தில் விவகாரம் எழுதப்பட்டபின் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் வழக்கத்தை நான் வேலையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கூட்டமாக உட்கார்ந்து பேசிய அத்தனை பேரையும் அது ஏமாற்றுகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வேறு, தீர்மானத்தின் கீழ் போடுவது வேறு. எதில் போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். தீர்மானத்தின் நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். ஊராட்சியில் கேட்டால் "எங்களுடையது இல்லை" என்கிறார்கள். யாரிடம் போவது? (விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்)

அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீரால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் அது நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி, குட்டை போன்றவைதான் பெரும்பாலும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. எனவே முதலில் ஆயக்கட்டு எவ்வளவு என்று பெரியவர்களிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேளுங்கள்.

ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் ஒரே ஆபீஸ் ஆள் என்று நினைப்பவர்கள் இன்றும் நிறைய. செயலர் ஊரக வளர்ச்சித் துறை, மற்றவர் வருவாய்த் துறை. வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் செயலரிடம். பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), ஆக்கிரமிப்பு எல்லாம் வருவாய்த் துறையிடம். வரத்துக்காலை யாராவது வளைத்துப் போட்டிருந்தால் தாசில்தாருக்கு மனு போக வேண்டும். வெறும் முள்தான் அடைத்திருக்கிறது என்றால் ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. நம் மாநிலத்தின் வருட மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கிடைக்கிறது. வரத்துக்கால் அடைந்திருந்தால் ஏரி காய்ந்து கிடக்க, அந்தத் தண்ணீர் தெருவுக்குள் வரும். மனுவில் கலங்கலையும் (ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) மதகையும் (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் இடம்) சேர்த்து எழுதுங்கள். கலங்கலில் மணல்மூட்டை அடுக்கி உயர்த்தியிருந்தால் உடனே எடுக்கச் சொல்லுங்கள், கரை உடைவதற்கு அது ஒரு காரணம். வண்டல் மண் அள்ள இது காலமில்லை. வரும் கோடையில் தாசில்தாரிடம் விண்ணப்பித்தால் இலவசமாகவே எடுக்கலாம்: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90.

தெரு மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது. ஊராட்சியில் சொல்லியும் பலனில்லை. (வாசகர், அரியலூர் மாவட்டம்)

பல்பு ஊராட்சியுடையது, கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, எந்த நேரமும் பேசலாம். கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். காற்று மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பேசுங்கள்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மருந்து வாடை வருகிறது. குடிக்கலாமா? (வாசகி, நாமக்கல் மாவட்டம்)

லேசான வாடை நல்லதுதான் அம்மா. மழைக்காலத்தில் வாடையே இல்லையென்றால்தான் எனக்குக் கவலை. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேலே உள்ள தண்ணீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். சில ஊர்களில் ஊற்றியவுடனே திறந்துவிடுகிறார்கள். முதல் தெருவில் நெடி தாங்காது, கடைசித் தெருவில் ஒன்றுமே இருக்காது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டி இயக்குபவரிடம் கோபப்படாமல் கேளுங்கள். குறைந்த சம்பளத்தில் தினமும் ஏணியேறுகிற வேலை அது.

தொட்டியை மாதத்தில் 5, 20 தேதிகளில் கழுவ வேண்டும். கழுவிய தேதி தொட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி பழசாக இருந்தால் ஊராட்சிப் புகார்களுக்கான 'ஊராட்சி மணி' எண் 155340-க்குப் பேசிப் புகார் செய்யுங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியையும் கவனியுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் போதாது, முட்டை பக்கச் சுவரில் ஒட்டி உலர்ந்தும் உயிரோடு இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அவசரமில்லை என்கிறார் என் அண்ணன். சரியா? (விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

சரியில்லை. சம்பாவுக்குக் கடைசித் தேதி பல மாவட்டங்களில் நவம்பர் 15 ஆகத்தான் இருந்து வந்திருக்கிறது. கடைசி வாரத்தில் அடங்கலுக்குக் கூட்டம் அலைமோதும், சர்வரும் திணறும். நீட்டிப்பு வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். பிரீமியத்தில் உங்கள் பங்கு, காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ இந்த வாரமே போங்கள். ரசீதில் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இழப்பீடு கிராம அளவிலான அறுவடைச் சோதனையை (சில வயல்களில் மாதிரிக்கு அறுத்து விளைச்சலை அளப்பது) வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கிராமத்தின் பெயர் தவறினால் பணமும் தவறும்.

அறுத்து வயலில் காயப்போட்ட நெல் மழையில் நனைந்தால் 14 நாள் வரை காப்பீடு உண்டு. ஆனால் நனைந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். அண்ணனிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.