ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் ஒன்றுதானா?

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கிடையில் வெள்ளை ஆடும் உண்டு, கருஞ்சிவப்பு ஆடும் உண்டு. எல்லாம் செம்மறிதான். தோலின் திட்டு மாறியதற்காக ஒட்டகச்சிவிங்கியை நான்கு சிற்றினங்களாகப் பிரிப்பது நியாயமா?"

பிரித்தது தோலைப் பார்த்து அல்ல, மரபணுவைப் பார்த்து. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் என்ற இரண்டு செம்மறி வகைகளையும் ஒரே பட்டியில் அடைத்தால் அடுத்த ஈற்றிலேயே கலப்புக் குட்டி வந்துவிடும். கென்யாவில் வடக்கு, வலைவரி, மசாய் என மூன்று வகையும் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஆனால் காட்டில் அவை கலப்பது அரிது. விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்தால் கலந்துவிடுகின்றன என்பது வேறு கதை. அதைச் சொல்லித்தான் எல்லாம் ஒரே சிற்றினம் என்று சிலர் இன்னமும் வாதாடுகிறார்கள்; எனக்கு அது பலவீனமான வாதம்.

2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு தெற்கு வகையையும் சேர்த்து நான்கு என்றது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025இல்தான் அதை ஏற்றது.

ஒரே சிற்றினத்துக்குள்ளும் பிளவு உண்டு. தான்சானியாவில் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவு மசாய் ஒட்டகச்சிவிங்கிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அத்தனை நீளக் காலை வைத்துக்கொண்டு மலையேற முடியவில்லை, பாவம்!

வடக்கு வகையின் ஒரு கிளையான மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி, 1990களில் நைஜர் நாட்டில் 49 ஆகக் குறைந்துபோனது. இப்போது 600க்கு மேல். ஆனால் அத்தனையும் அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். கிடா மாற்றாமல் பல தலைமுறை ஓட்டிய மந்தை எப்படி நலிந்துபோகும் என்பதை, செம்மறி மந்தை மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிடாவை ஓட்டி வந்துவிடலாம். நைஜருக்குத் தெற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுபோனால், அது வேறு சிற்றினம்.