மீட்டர் 28 காட்டினாலும் உறுமல் உண்மைதான்

அடித்தளப் பம்ப் ஓடும்போது படுக்கையறையில் உறுமல் கேட்கிறது, மீட்டரோ 28 டெசிபல்தான் காட்டுகிறது என்கிறீர்கள். உங்கள் காதில் கோளாறு இல்லை. நீங்கள் அளந்தது ஏ-எடையிட்ட அளவு, அதாவது காதின் உணர்திறனை ஒட்டித் தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அளவு. அது 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிடும். நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடும் மோட்டாரின் அதிர்வெண் சுமார் 48 ஹெர்ட்ஸ். தாழ்ந்த சுருதியை அவ்வளவாகக் குறைக்காத சி-எடைக்கு மாற்றி, ஒலியை மூன்றிலொரு ஆக்டேவ் பட்டைகளாக, அதாவது குறுகிய அதிர்வெண் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள். அறையின் நடுவில் மட்டும் அளக்காதீர்கள். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி உண்டாக்கும் நிலையலைகளால் அங்கே அடங்கும் ஒலி மூலையில் ஓங்கியிருக்கும். கட்டடச் சாதனங்களின் ஒலியை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 16032 மூலையையும் சேர்க்கச் சொல்வது அதனால்தான். பம்பை நிறுத்திப் பின்னணி ஒலியையும் குறித்துக்கொள்ளுங்கள். முடுக்கமானி (அதிர்வை அளக்கும் உணரி) கிடைத்தால், குழாய்க் கவ்வி சுவரைத் தொடும் இடத்தில் மெழுகால் ஒட்டுங்கள். கையால் அழுத்திப் பிடித்து எடுத்த அளவை நான் நம்ப மாட்டேன். பம்புக்கு அடியில் ரப்பர் போடுபவர்கள் அதிர்வைச் சுவருக்குக் கடத்தும் குழாயைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.