சோற்றோடு பருப்பு ஏன் சேர வேண்டும்? புரதம் உடலில் என்ன செய்கிறது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. தசை, தோல், முடி எல்லாம் அதில்தான் உருவாகின்றன. அந்த அமிலங்களில் 9 வகையை உடலால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். செங்கல் குவிந்து கிடந்தாலும் சிமெண்ட் தீர்ந்தால் சுவர் எழும்பாதே, அதுபோல ஒன்று குறைந்தாலும் வேலை தடைபடும். அந்த ஒன்பதில் அரிசியில் லைசின் என்ற அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற அமிலம் குறைவு. இட்லியில் அரிசியும் உளுந்தும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகின்றன.

ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் வேண்டும்; 60 கிலோ உள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் துவரம்பருப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. மேலாகத் தெளிந்த சாம்பாரை ஊற்றினால் இந்தக் கணக்கு வராது. பருப்பு அடியில் கிடக்கும், கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குங்கள்.

புரதம் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான் என்பது தவறு. வயது ஏற ஏறத் தசை கரைவதால் தாத்தா பாட்டியின் தட்டிலும் அது தினமும் இருக்க வேண்டும்.